பதினாலு குழி வீடு

நம் செட்டில் இப்போது வீடு கட்டாதவர்கள் குறைவு. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் மனை விலையும் செங்கல் விலையும்தான் பேச்சு. பேசிக் களைத்த பிறகு யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "உனக்கென்னப்பா, உங்கப்பா அன்னைக்கே தஞ்சாவூருக்குள்ள வீட்ட வாங்கிப் போட்டுட்டாரு" என்பார். வாங்கிப் போட்டுவிட்டார். கடைக்குப் போய்ச் செருப்பு வாங்கி வந்த மாதிரி. நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். இந்த முறை அப்படி இருக்க மனம் வரவில்லை. அந்த ஒரு வருஷத்தை உங்களுக்காக எழுதிவிடுகிறேன்.

முப்பதைத் தொடும்போதே பழைய கதை பேசுகிறான் என்று நீங்கள் கேலி செய்யலாம். வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனவர்களுக்குச் சீக்கிரம் வயதாகிவிடுகிறது, நண்பர்களே. பத்து வயதிலிருந்தே அப்பா அம்மாவுக்கு வந்த காகிதத்தையெல்லாம் நாம்தானே படித்தோம். பெரியவர்களின் கவலை முதலில் நம் வாய் வழியாகத்தானே வெளியே வந்தது.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். குடமுருட்டியிலிருந்து பிரிகிற வாய்க்காலின் கடைசியில், ஊர் முடிந்த பிறகு எங்கள் தெரு. அப்பா பண்ணையின் நஞ்சையில் ஆறு மா குத்தகை செய்துகொண்டிருந்தார். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர்; பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா. அவருடைய அப்பா அதே நிலத்தில் வெறும் கூலி. சங்கம் வந்து, செங்கொடி ஏறி, அடிதடி நடந்து, சென்னையில் ஆட்சி மாறி, சட்டம் வந்து, கடைசியில் குத்தகைப் பதிவேட்டில் அப்பாவின் பெயர் ஏறியது. அது ஏறுவதற்காக என் மாமா இரண்டு மாதம் ஜெயிலில் இருந்தார். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்துச் சங்கத் தலைவர். அதனால் அந்த ஆறு மாவை வெறும் நெல் விளைகிற இடமாக எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

அம்மா நடவு ஆட்களுக்குக் கொத்துக்காரி. நாற்பது பெண்கள் அவள் குரலுக்குத்தான் வயலில் இறங்குவார்கள், அவள் குரலுக்குத்தான் ஏறுவார்கள். வீட்டிலும் பேசுவது அவள்தான். அப்பா பேசுவதற்கு முன் துண்டை எடுத்து ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவார். மாற்றி முடிப்பதற்குள் அம்மா பேசி முடித்திருப்பாள்.

பண்ணைக்கார மிராசுதார் அப்போதே பிள்ளைகளோடு சென்னைக்குப் போய்விட்டார். உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து இருக்கிற நிலத்தையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். குத்தகைதாரர் பெயர் ஏறிய நிலத்தை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்கள். ஒரு மாசி மாதத்துச் சாயங்காலம், அறுவடை முடிந்த வரப்பில் நின்றுகொண்டு அவருடைய காரியஸ்தர் அப்பாவிடம் பேச்சை ஆரம்பித்தார். குத்தகைப் பாத்தியத்தை விட்டுக்கொடுத்தால் தஞ்சாவூரில் கோட்டைக்குள் பண்ணைக்கு இருக்கிற பழைய வீட்டைக் கிரயம் செய்து தருகிறோம், மேலே கொஞ்சம் ரொக்கம் மட்டும் தந்தால் போதும் என்றார்.

அன்றைக்கு எங்கள் குடிசை முன்னால் நடந்த சண்டை எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

"பதினாலு குழி வீடு மச்சான் அது. நான் விசாரிச்சிட்டேன்" என்றார் மாமா. "ஆறு மா நஞ்சையக் குடுத்துட்டுப் பதினாலு குழி செங்கல்ல வாங்கப் போறீங்க. பதினாலு குழியில ஒரு நாத்தாங்கால்கூடப் போட முடியாது."

"நாத்து விடுறதுக்கு இல்ல மாப்ள" என்றார் அப்பா.

"பின்ன எதுக்கு?"

"இருக்கறதுக்கு."

"இப்ப எங்க இருக்கீங்க? ஆகாசத்துலயா?"

அதற்கு அம்மா பதில் சொன்னாள். "தம்பி, பதிவேட்டுல எம் பேரன் பேரு ஏறினாலும் அது பண்ணை நிலந்தான். வருஷா வருஷம் அவங்களுக்கு நெல்லு அளக்கணும். இவன் ஆறாவது படிக்கிறான். இங்கேருந்து பள்ளிக்கூடம் போறதுக்குள்ள பாதி நாளு போயிடுது. அங்க தெருவத் தாண்டினா பெரிய பள்ளிக்கூடம். நமக்குன்னு பட்டா போட்ட ஒரு இடம் வேணும், அவ்வளவுதான்."

"நாங்க கம்பி எண்ணினது இதுக்கா அக்கா?"

 "இதுக்குந்தான்" என்றாள் அம்மா. மாமா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை, ஒரு நாளைத் தவிர. தெருவில் எங்களுக்கு 'பதினாலு குழி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நான் கோலி விளையாடப் போனால், "டேய், பதினாலு குழி வர்றான், இன்னொரு குழி தோண்டுங்கடா" என்பார்கள்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று அப்பா ஒரு காரியம் செய்தார். நிலம் அளக்கிற பன்னிரண்டு அடி மூங்கில் கோலைப் பஸ்ஸின் தலைமேல் கட்டிக்கொண்டு வந்தார். கீழ வீதியில் இறங்கி, அரண்மனை மதிலை ஒட்டிய சந்துக்குள் நாங்கள் கோலும் கையுமாக நடந்து போனதைப் பாத்திரக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். காரியஸ்தர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏப்பா, வீட்ட எவனாவது குழிக்கோலால அளப்பானா?"

அப்பா அளந்தார். முன்வாசல் ஒன்றரைக் கோல்தான் அகலம். உள்ளே போகப் போக வீடு நீண்டுகொண்டே போனது. மராட்டிய ராஜா காலத்து வீடு என்றார் காரியஸ்தர். செங்கல் பிஸ்கட் மாதிரி மெல்லிசாக இருந்தது. சுண்ணாம்புச் சுவர் அவித்த முட்டை போல வழுவழுப்பு. கன்னத்தை வைத்தால் அந்தப் பங்குனி வெயிலிலும் குளிர்ந்தது. முற்றத்தில் இரண்டு கல் தூண். பித்தளைச் சங்கிலியில் ஓர் ஊஞ்சல். வாசலில் தேக்குக் கதவு. கதவு முழுக்கப் பித்தளைக் குமிழ்கள். நான் எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டேன். மரப்படி ஏறினால் மாடி அறை. அதன் ஜன்னலில் பெரிய கோயில் கோபுரம் தெரிந்தது. கொல்லைக் கிணற்றில் தண்ணீர் கையெட்டுகிற ஆழத்தில் இருந்தது.

"மாடிய அளக்கலையா?" என்றார் காரியஸ்தர்.

"மாடிக்குத் தனியா மண்ணு இல்லீங்களே" என்றார் அப்பா.

அம்மா மட்டும் கிணற்றடியிலேயே நின்றாள். யாரையும் கேட்காமல் வாளியை விட்டு இறைத்து, ஒரு கை குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "குடி" என்றாள். ஊரில் கிணற்றுத் தண்ணீருக்கு நாங்கள் எவ்வளவு நேரம் காத்திருப்போம் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவதுதான் எங்கள் தவறு. எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு என்று இன்று நினைக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மனை பண்ணையுடையது. ஆனால் மேலே நிற்கிற மூங்கில், கீற்று, தட்டிக் கதவு எல்லாம் குடியிருப்பவனுடையது. பண்ணை ஒருவனை வெளியேற்றினால்கூட, அவன் தன் கம்பையும் கீற்றையும் பிரித்து எடுத்துக்கொண்டு போக ஒரு தவணை உண்டு. எவ்வளவு கொடுமைக்காரப் பண்ணையும் அதைத் தடுத்ததில்லை. வயல் கைமாறினாலும் அப்படித்தான். நிற்கிற பயிரை வைத்தவனே அறுத்துக்கொண்டு போவான். அப்பாவுக்கு வீடு என்றால் அதுதான் தெரியும். பத்திரம் எழுதும் இடத்தில் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே அவர் சொன்னார்: "மனைதானுங்க எங்களோடது. மேல இருக்கிறத அவங்க எடுத்துக்கட்டும். நாப்பது நாளு தவணை இருக்கட்டும். குடி பெயர்றவங்க வெறுங்கையோட போகக் கூடாது."

பத்திரம் எழுதுபவர் பேனாவை நிறுத்தினார். "இப்படி யாரும் எழுதறதில்லையேப்பா."

"அவருதான் சொல்றாருல்ல, எழுதுங்க" என்றார் காரியஸ்தர். குரல் அவசரமாக வந்தது.

கட்டில், பெஞ்சு, ஊஞ்சல், அண்டா இவற்றை எடுத்துப் போவார்கள் என்று அப்பா நினைத்தார். மிராசுதார் குடும்பத்துக்கு, தன் தெருவில் ஒரு கூலிக்காரனுக்கு உண்டான மரியாதையைத் தர வேண்டும் என்று நினைத்தார். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு உழைத்த வீட்டிலிருந்து வந்தவர் அவர்களுக்குக் கொடுக்கிற முதல் சலுகை அது. கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் பார்த்தேன்.

எழுதி முடித்ததும் அப்பா, "எம் பையன் படிக்கட்டுங்க" என்றார். நான் படித்தேன். பள்ளியில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்பது போல, நிறுத்தி நிறுத்தி, சத்தமாக. 'மேற்படி மனையின் மேல் உள்ள யாவற்றையும் இன்று முதல் நாற்பது நாளைக்குள் விற்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது' என்ற வரியை மற்ற வரிகளைவிட நன்றாகவே படித்தேன். ரிஜிஸ்தர் ஆபீசில் காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "யாரு பையன்?" என்று கேட்டார். "நம்ம பையனுங்க" என்று அப்பா சொன்னதை இப்போது நினைத்தாலும் எனக்கு முதுகு நிமிரும்.

கையளவு நீள இரும்புச் சாவியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். ரொக்கத்துக்காக அம்மாவின் தோடும் இரண்டு மாடும் போயின. நாற்பது நாள் முடிந்து நாற்பத்தோராம் நாள், அரிசி ஆலை லாரி ஒன்றில் அம்மி, உரல், இரண்டு மூட்டை நெல், ஒரு கோழி சகிதம் தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். லாரி சந்துக்குள் நுழையாது என்பதால் கீழ வீதியில் இறங்கி, சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

சாவி இருந்தது. கதவு இல்லை.

நிலையோடு பெயர்த்திருந்தார்கள். வாசல் இருந்த இடத்தில் சுவர் உடைந்து செங்கல் வெளியே தெரிந்தது. உள்ளே ஒரு கதவு இல்லை, ஒரு ஜன்னல் இல்லை. ஊஞ்சல் இருந்த இடத்தில் உத்திரமும் இல்லை. பின்கட்டில் ஓடுகளையும் சட்டத்தையும் கழற்றி எடுத்திருந்தார்கள். அங்கே நின்று பார்த்தால் காக்கை பறப்பது தெரிந்தது. மரப்படியும் போயிருந்ததால் மாடிக்கு ஏற வழியில்லை. நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து அந்த மாடி அறையைப் பார்த்தோம்.

"நல்லவேளை, மாடிய அளக்காம விட்டீங்க" என்றாள் அம்மா.

அவள் கோபத்தில் சொன்னாளா, வேடிக்கையாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா முற்றத்துக் கல் தூண் அருகே உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் செங்கல் தூசி ஒட்டியதைத் தட்டிவிடவில்லை.

செய்தி கேட்டு மறுநாளே மாமா பத்து ஆட்களோடு வந்தார். அந்த ஒரு நாள்தான். "காரியஸ்தர் வீட்டு வாசல்ல போயி உக்காருவோம். கதவு வராம எந்திரிக்கிறதில்ல" என்றார்.

"வேணாம் மாப்ள" என்றார் அப்பா. "நான் சொன்னதத்தான் எழுதினாங்க."

"படிச்ச புள்ளைய வச்சுக்கிட்டு இப்படி ஏமாந்து நிக்கிறீங்களே. இவன் படிச்சுத்தானே காட்டினான்?"

 அந்த நாற்பத்தோரு நாளும் நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த வரி அது. அப்பா துண்டை மாற்றவில்லை, உடனே பேசினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அவன் சரியாத்தான் படிச்சான். ஒரு எழுத்து தப்பில்ல. சொன்னது நான். அவன ஒண்ணும் சொல்லாத."

மாமா திரும்பிப் போய்விட்டார். மூன்றாம் நாள் வந்தவர் வீட்டுத் தரகர். கட்சிக் கரை வேட்டி, வெற்றிலை வாய், கையில் தோல்பை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கதவில்லாத வீட்டுல பொம்பளையையும் புள்ளையையும் வச்சுக்கிட்டு எப்படிங்க இருப்பீங்க? மனை விலைக்கு எடுத்துக்க ஒருத்தர் இருக்காரு. லாட்ஜு கட்டப் போறாரு. வாங்கிக்கிட்டு ஊரப் பாக்கப் போங்க" என்றார். அவர் சொன்ன விலை அம்மாவின் தோட்டுக்கும் மாட்டுக்கும் மேலே கொஞ்சம் வரும், அவ்வளவுதான்.

"நாங்க பொறந்ததே கதவில்லாத வீட்டுலதாங்க" என்றாள் அம்மா. "நீங்க போயிட்டு வாங்க."

"மறுபடி வருவேங்க" என்றார் அவர். கால்வாசிச் சிரிப்பு.

திரும்பிப் போக எங்களுக்கு ஆறு மா இல்லை. வீட்டையும் விட்டால் எங்கள் பெயரில் எதுவுமே இருக்காது. நான் அந்த வயதிலேயே அதைத் தெளிவாகப் புரிந்துகொண்டேன். அப்பா ஊருக்குப் போய்க் கீற்றும் மூங்கிலும் கொண்டுவந்தார். பின்கட்டுக்குக் கீற்றுக் கூரை. வாசலுக்குத் தட்டி. ராஜா காலத்துச் சந்தில், இரண்டு பக்கமும் கம்பிக் கதவு வைத்த வீடுகளுக்கு நடுவே, எங்கள் தெருவிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிக் கொண்டுவந்து ஒட்டிய மாதிரி எங்கள் வீடு. அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கப் போனார். ஜூனில் பள்ளி திறந்தபோது தட்டியை நகர்த்திவிட்டுப் புத்தகத்தோடு நான் வெளியே வருவதை எதிர் மாடியிலிருந்து ஒரு டீச்சர் தினமும் பார்ப்பார். தரங்கம்பாடிக்காரர், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர், அங்கே தனியாக வாடகைக்கு இருந்தார். சிரிக்கவே மாட்டார்.

ஆனி பிறந்ததும் நகராட்சி ஆய்வாளர் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து தட்டியில் செருகிவிட்டுப் போனார். நான்தான் படித்தேன். அந்த வீதியில் கீற்றுக் கூரை போடக் கூடாது. தீப்பிடிக்கும். வாசலுக்கும் அறைகளுக்கும் முறையான கதவு வேண்டும். பதினைந்து நாளைக்குள் செய்யாவிட்டால் வீட்டைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். 'பூட்டி' என்ற சொல்லில் நின்றேன். "எதப் பூட்டுவாங்களாம்?" என்றாள் அம்மா.

புகார் எழுதிப் போட்டது எதிர் வீட்டு டீச்சர்தான் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். மறுநாள் அவர் எங்கள் வாசலுக்கு வந்து நின்றபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முறத்தைத் தட்டத் தொடங்கினாள். டீச்சர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். ஒரு மாதம் தவணை கேட்டு ஆணையருக்கு ஒரு மனு. "அப்பாட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்துடு தம்பி" என்றார். அப்பாவுக்குக் கையெழுத்து வராது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து அவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். அப்பா எழுதிய முதல் எழுத்து அந்த மனுவில்தான் இருக்கிறது. தவணை கிடைத்தது. முதலில் புகார் எழுதிப் போட்டவர் தரகர் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதுவரை அம்மா அந்த டீச்சரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தலை குனியும்.

தவணை கிடைத்து என்ன செய்ய? தேக்கு வாங்க வழியில்லை. அப்போது ஆற்றில் தண்ணீர் விட்டுக் குறுவை நடவு தொடங்கியது. அம்மா கொத்தை நடத்த ஊருக்குப் போனாள். சனிக்கிழமை என்பதால் என்னையும் கூட்டிப் போனாள். அன்றைய நடவு எங்கள் பழைய ஆறு மாவில். வாங்கியவர் ஓர் அரிசி ஆலை முதலாளி. குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். பக்கத்தில் இன்னொரு குடையோடு பழைய காரியஸ்தர். பண்ணையை விட்டு இப்போது ஆலைக்கு வேலை பார்த்தார்.

நாற்றுப் பறித்து முடி முடியாகக் கட்டி வயலெங்கும் வீசியிருந்தது. நாற்பது பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார்கள். அம்மா இறங்கவில்லை. வாய்க்கால் ஓரத்து வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பதினொரு பூவரசு மரங்கள். மாடு புகாமல் இருக்க அப்பா ஒரு காலத்தில் வேலியாக ஊன்றிய கிளைப் போத்துகள், துளிர்த்து, தழைத்து, இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத பருமனுக்கு வந்திருந்தன. வேலிதானே என்று நாங்கள் அவற்றை மறந்தே போயிருந்தோம்.

"முதலாளி" என்றாள் அம்மா. "இந்தப் பூவரசு எங்க வீட்டுக்காரர் வச்சது."

காரியஸ்தர் முந்திக்கொண்டார். "நிலம் கைமாறியாச்சு. மரமும் அதோட போச்சு. இறங்கு, இறங்கு, வெயிலேறுது."

"இருங்க காரியஸ்தரே. மனைதான் எங்களோடது, மேல இருந்தது உங்களோடதுன்னு கதவக் கழட்டினீங்க. ஜன்னலக் கழட்டினீங்க. படியையும் விடல. நாங்க ஒரு வார்த்தை கேட்டமா? வழக்கம்னு வாய மூடிக்கிட்டு இருந்தோம். அதே வழக்கந்தான் இங்கயும். மண்ணு முதலாளியோடது. வரப்பு மேல நிக்கிறது எங்களோடது."

"அது பத்திரத்துல எழுதினது. இதுக்குப் பத்திரம் இருக்கா?"

"எங்க தெருவோட பத்திரம் நாப்பது இங்க நிக்குது, பாருங்க" என்றாள் அம்மா.

நாற்பது பேரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். "அக்கா, அந்தக் கதவுல எத்தனை பித்தளைக் குமிழாம்?" என்று கேட்டாள் இன்னொருத்தி. "கேளு, காரியஸ்தரு எண்ணித்தானே வித்திருப்பாரு" என்றாள் வெற்றிலைப் பைக்காரி. பறித்த நாற்று வெயிலில் கிடந்தால் சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும். முதலாளி நாற்றைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், பிறகு காரியஸ்தரைப் பார்த்தார். "கதவக் கழட்டினியாய்யா?" என்று மெதுவாகக் கேட்டார். காரியஸ்தர் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போம்மா. மரம் எனக்கெதுக்கு, நிழலு விழுந்து பயிரு கெடுது" என்றார் முதலாளி.

அம்மா குலவை போட்டாள். நாற்பது பேரும் சேர்ந்து போட்டார்கள். அன்றைக்கு ஆறு மாவும் வெயில் சாய்வதற்குள் நட்டு முடிந்தது. வழக்கத்தைவிட நெருக்கமாக, நேராக நட்டார்கள். முதலாளிக்கு நாங்கள் பட்ட கடன் எதுவும் இருக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் வரப்புக்கு ரம்பத்தோடு வந்து நின்றவர் மாமா. ஆட்கள் பின்னால். அப்பாவும் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ரம்பத்தின் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். மூன்றாவது மரம் சாய்ந்த பிறகுதான் மாமா வாயைத் திறந்தார். "உங்க கணக்கு எனக்கு இன்னும் புரியல மச்சான். நிலத்த விட்டது தப்புன்னுதான் இப்பவும் சொல்லுவேன்."

"சொல்லு" என்றார் அப்பா. "இழுத்துக்கிட்டே சொல்லு."

ஆசாரி மரத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். பச்சை மரம், ஒரு வருஷமாவது தண்ணீரில் ஊறிக் காய வேண்டும், இப்போதே கதவு செய்தால் முறுக்கிக்கொள்ளும் என்றார். முறுக்கட்டும் என்றார் அப்பா. இருபத்திரண்டு நாள் வீட்டு முற்றத்திலேயே வேலை நடந்தது. மரத்தூளின் மணம் சந்து முழுவதும். பூவரசு அறுத்தால் உள்ளே கருஞ்சிவப்பு. தலைவாசல் கதவு, நான்கு அறைக் கதவு, ஐந்து ஜன்னல், மாடிக்கு ஒரு படி. பின்கட்டுக்கு ஊரிலிருந்து பனஞ்சட்டம் வந்தது. மண்டியில் இடித்த கொட்டகையின் பழைய ஓடுகளை அப்பா வாங்கி வந்தார். தெருவே வந்து ஓடு ஏற்றியது. எங்களைப் பதினாலு குழி என்று கூப்பிட்டவர்கள் வரிசையில் நின்று ஓடுகளைக் கை மாற்றிக் கொடுத்தார்கள். ஆசாரி சொன்னது போலவே தலைவாசல் கதவு முறுக்கிக்கொண்டது. மேல் மூலையில் இன்றைக்கும் இரண்டு விரல் இடைவெளி உண்டு. நீங்கள் வந்தால் காட்டுகிறேன்.

தவணையின் கடைசி நாள் காலையில் அம்மா கதவுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். நடவு ஆட்கள் பத்துப் பேர், மாமா, ஆசாரி எல்லோரும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எதிர் வீட்டு டீச்சரும் இருந்தார். அம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தோம். அதற்குக் காரணம் ஒன்றுமில்லை. சாத்திப் பார்க்க ஆசை.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். நம்புவீர்களா தெரியவில்லை, அந்தச் சத்தம் எங்களில் யாருக்கும் பழக்கமில்லை. எங்கள் தெருவுக்கு வேலைக்குக் கூப்பிட வருகிற பண்ணை ஆள் தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கத்துவான், பெயரோடு ஒரு 'டேய்' சேரும். போலீஸ் வந்தால் தட்டியைக் காலால் தள்ளும். நின்று, காத்திருந்து, விரலை மடக்கி யாரும் எங்களைத் தட்டிக் கூப்பிட்டதில்லை.

அம்மா எழுந்தாள். அப்பா கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார்.

மறுபடியும் தட்டினார்கள். இந்த முறை கொஞ்சம் பலமாக.

"மச்சான், முனிசிபாலிட்டி ஆளாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

"தெரியும். இரு" என்றார் அப்பா. தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாவது முறை தட்டுவதை முழுதாகக் கேட்டார். பிறகு எழுந்து, கிணற்றடிக்குப் போய்க் கை கழுவி, துண்டில் துடைத்து, அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தாழை நீக்கினார்.

வாசலில் ஆய்வாளர். அவருக்குப் பின்னால், எட்டிப் பார்த்தபடி, தோல்பையோடு தரகர். ஆய்வாளர் கதவை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் இருக்காருங்களா?" என்றார்.

"நான்தாங்க" என்றார் அப்பா. "உள்ள வாங்க."